பிரிந்தால் பிள்ளை கெட்டுப் போகுமா?

எட்டு வயசுப் பையன். சாப்பிட உட்கார்ந்தாலே வயிற்றுவலி. திண்டுக்கல்லில் என் வைத்தியசாலைக்கு அவனைக் கூட்டி வந்தார் அம்மா. நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஓமத்தீநீர் கொடுத்தேன், வலி நிற்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: வீட்டில் தட்டு வைக்கிற நேரமே சண்டை நேரம்!

"பிள்ளைக்காகப் பொறுத்துக்கோம்மா" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வருஷம் அடியும் உதையும் பொறுத்தார். பையனின் வலியும் கூடவே நீண்டது. அவர் பிறந்த வீட்டுக்குப் போன சில வாரங்களில், மருந்தில்லாமலே பையன் ஒழுங்காகச் சாப்பிட்டான். நான் சொன்ன யோசனை தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விவாகரத்து பற்றி நம்மிடம் உள்ள சில தவறான எண்ணங்களைப் பார்ப்போம்.

1. "பெற்றோர் பிரிந்தால் பிள்ளை உருப்படாது."
பிரிவு பிள்ளையை வருத்தும், உண்மைதான். ஆனால் ஓயாத சண்டை அதைவிட அதிகம் வருத்தும். படுக்கையில் சிறுநீர், தலைவலி, பசியின்மை, தூக்கத்தில் அலறல் எல்லாம் அதன் அடையாளமாக இருக்கலாம். "உன்னால இல்லைடா கண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். அப்பாவை அம்மாவோ, அம்மாவை அப்பாவோ அவன் காதுபடத் திட்ட வேண்டாம்.

2. "பத்திரத்தில் எழுதி வாங்கிட்டா முடிஞ்சது."
நம் பக்கத்துக் கிராமங்களில் ஊர்ப் பெரியவர்கள் 'தீர்த்து விடுகிற' வழக்கம் சில சமூகங்களில் உண்டு. 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் வழக்கத்தை மதிக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருப்பதை நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பத்திரம் வெறும் காகிதம். அதை நம்பி மறுமணம் செய்தால் சிக்கல்தான்.

3. "ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா தானா ரத்தாயிடும்."
ஆகாது. ஏழு வருஷம் உயிரோடு இருக்கிற தகவலே இல்லையென்றால் அது ஒரு காரணம், அவ்வளவுதான். அப்போதும் கோர்ட்டுக்குப் போய்த்தான் தீர வேண்டும்.

4. "நோய் வந்தா விலக்கிடலாம்."
வலிப்பு நோயைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய முன்பு இடமிருந்தது. 1999ல் அதை நீக்கினார்கள். தொழுநோயை விவாகரத்துக் காரணங்களிலிருந்து 2019ல் எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. குழந்தை இல்லை என்பது மட்டும் சட்டப்படி காரணமே ஆகாது. முதலில் கணவரும் பரிசோதனை செய்து கொள்ளட்டும்!

5. "பிள்ளைக்கு அப்பா சொத்து போயிடும்."
போகாது. கணவன் மனைவி உறவுதான் முறிகிறது. அப்பா என்றும் அப்பாதான். வாரிசு உரிமை அப்படியே இருக்கும். வருமானமில்லாத மனைவியும் மறுமணம் செய்யாதவரை ஜீவனாம்சம் கேட்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சின்னச் சண்டைக்கெல்லாம் கோர்ட்டுக்கு ஓடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பேசித் தீர்கிற மனஸ்தாபத்தைப் பேசித் தீருங்கள். குடி காரணமென்றால் குடிக்கு வைத்தியம் பாருங்கள். ஆனால் கை ஓங்குகிற வீட்டில் பொறுமை மருந்தல்ல. 181க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், வக்கீல் உதவி இலவசம்.

பிள்ளைக்கு அடிக்கடி வயிறு வலிக்கிறதா? மருந்து வாங்க வருமுன், அவன் சாப்பிடும் நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை கவனியுங்கள்.