மூன்றில் எது என்று கேட்கும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

பத்திரிகை, சினிமா, கிராஃபிக் டிசைன் மூன்றின் மீதும் மனசு போகிறது, வீட்டிலோ ஏதாவது ஒன்றைச் சொல்லு என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறாளே என்பது உன் அம்மாவின் கவலை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளத்தை நினைத்துத்தான் அவள் பேசுகிறாள். நானும் சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1943-இல் கல்கத்தாவில் டி. ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில், இருபது வயதைத் தாண்டிய ஓர் இளைஞர் ஜூனியர் விஷுவலைசராகச் சேர்ந்தார். மாதம் 80 ரூபாய். பெயர் சத்யஜித் ராய். முதல் படம் 1955-இல் திரைக்கு வரும் வரைக்கும் அந்த வேலையை அவர் விடவில்லை. உலகம் கொண்டாடும் ராய் அதற்குப் பிறகு வந்தவர். உனக்கு உபயோகப்படக்கூடியவர், காலையில் ஆபீசுக்குப் போய் சோப்புக்கும் மாத்திரைக்கும் லேஅவுட் போட்டுவிட்டு, மாலையில் புத்தக அட்டை வரைந்த ராய்தான்.

அவருக்கு வாய்த்த குடும்பம் எல்லோருக்கும் வாய்க்காது. இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘அவர் ராய், நான் யார்’ என்று பாதியிலேயே கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர். குழந்தைகளுக்காக எழுதிய புத்தகத்துக்குத் தானே வரைந்த படங்கள் மரக்கட்டை அச்சில் சிதைந்து வந்ததைப் பார்த்து நொந்துபோனார். வேறு யாராக இருந்தாலும் அச்சகத்தைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். அவர் இங்கிலாந்திலிருந்து கேமராவும் கருவிகளும் தருவித்து, ஹாஃப்டோன் பிளாக் செய்வதைத் தானாகவே கற்றுக்கொண்டார். அதில் அவர் கண்டறிந்தவை லண்டனில் வெளியான பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகளாக வந்தன. 1913-இல் ‘சந்தேஷ்’ என்ற குழந்தைகள் பத்திரிகையைத் தொடங்கினார். மகன் சுகுமார் ராய் லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, அப்பாவுக்குப் பின் அதே பத்திரிகையை நடத்தினார். சுகுமாரின் வேடிக்கைப் பாட்டுகளை இன்றைக்கும் வங்காளத்தில் மனப்பாடமாகச் சொல்லாத பிள்ளை இல்லை.

சொத்து அதோடு சரி. 1923-இல் சுகுமார் காலா-அசார் காய்ச்சலில் இறந்தார். மகன் சத்யஜித்துக்கு அப்போது இரண்டரை வயதுதான். சில வருஷங்களில் அச்சகம் நொடித்துப்போய் வீடும் கை நழுவியது. பையனும் அம்மாவும் தாய்மாமன் வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். (தாய்மாமன் என்ற இடத்தை நான் கொஞ்சம் அழுத்திப் படித்தால் நீ சிரிக்கக்கூடாது.)

கல்லூரியில் அவர் படித்தது பொருளாதாரம். பிறகு அம்மாவின் விருப்பத்துக்காகச் சாந்திநிகேதன் கலாபவனத்தில் சேர்ந்தார். அங்கே நந்தலால் போஸும் பினோத் பிஹாரி முகர்ஜியும் ஆசிரியர்கள். சக மாணவர்களோடு அஜந்தா, எல்லோரா என்று பயணம் போனார். தன்னால் பெரிய ஓவியனாக முடியாது என்று அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. படிப்பை முடிக்காமலே 1942 கடைசியில் கிளம்பிவிட்டார். ஆனால் அந்த நூலகத்தில் இருந்த சினிமாப் புத்தகங்களை விடாமல் படித்திருந்தார். ஓவியம் படிக்கப் போன இடத்தில் சினிமா படித்தவர் அவர். அங்கிருந்து விளம்பர வேலைக்குப் போய், அதில் எழுத்தின் வடிவத்தைப் படித்தார்.

கீமரில் இருந்தபோதே, அதே நிறுவனத்தில் வேலை பார்த்த டி. கே. குப்தா தொடங்கிய சிக்னெட் பிரஸ் பதிப்பகத்துக்கும் அட்டை வரைந்தார். ஆபீசில் வாடிக்கையாளர் சொல்வதைச் செய்ய வேண்டும். சிக்னெட்டில் அவர் கைக்கு விலங்கில்லை. நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’, ஜிபனானந்த தாஸின் கவிதைத் தொகுப்பு ‘வனலதா சென்’ எல்லாம் அந்த வரிசை. ஜிம் கார்பெட்டின் குமாவுன் புலிகள் புத்தகத்துக்கு அவர் போட்ட அட்டையைத் தேடிப் பார். அட்டை முழுக்கப் புலித்தோல். முன்பக்கம் குண்டு துளைத்த இடம், பின்பக்கம் அது வெளியேறிய இடம். புலியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. புத்தகத்துக்கு முன், பின் என்று இரண்டு பக்கம் இருப்பதை ஒரு சம்பவமாக மாற்றிவிட்டார். முதல் ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே பார்க்கிறவன் மனசில் ஏதோ நடக்க வேண்டும் என்று சினிமாக்காரர்கள் சொல்வதை, ஒரு அடி படச்சுருளைக்கூடத் தொடாமல் செய்து பார்த்த இடம் இது என்று எனக்குத் தோன்றும்.

அதே சிக்னெட்டுக்காக, 1944 வாக்கில், பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் குழந்தைகளுக்கான சுருக்கப் பதிப்புக்குப் படம் வரையும் வேலை வந்தது. கூலிக்கு வந்த வேலைதான். எந்தக் காட்சியை வரைவது, எதை விடுவது, எங்கே நின்று பார்ப்பது என்று யோசித்து வரைந்த அந்தப் படங்களில் சில, பத்து வருஷம் கழித்து அப்படியே ஷாட்டுகளாகத் திரைக்கு வந்தன. உன்னிடம் வருகிற கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு வேலைகளைத் தட்டிக்கழிக்காதே என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். எந்த வேலைக்குள் எது ஒளிந்திருக்கும் என்று வாங்கும்போது தெரியாது.

அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒரு பயிற்சியை நீ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு நாவலைப் படமாக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால், உட்கார்ந்து அதற்குத் தானே ஒரு திரைக்கதை எழுதிவிடுவார். படம் வந்ததும் போய்ப் பார்த்து, இரண்டையும் ஒப்பிடுவார். ஒரு ரூபாய் செலவில்லை, யாரும் வாய்ப்புத் தர வேண்டியதும் இல்லை. 1947-இல் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியதும் இதே பசிதான். 1949-இல் ‘தி ரிவர்’ படத்துக்கு இடம் பார்க்க பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் வந்தபோது, விடுமுறை நாட்களில் கூடவே சுற்றினார். 1950-இல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. சில மாதங்களில் நூறு படங்கள் அளவுக்குப் பார்த்துத் தீர்த்தார். அதில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படமும் ஒன்று. நட்சத்திரமும் ஸ்டுடியோவும் இல்லாமல் படமெடுக்க முடியும் என்ற தைரியத்தை அது கொடுத்தது. கப்பலில் திரும்பி வரும்போதே ‘பதேர் பாஞ்சாலி’க்குக் குறிப்பெழுதத் தொடங்கிவிட்டார்.

முழுத் திரைக்கதை என்று ஒன்று அந்தப் படத்துக்கு இருக்கவில்லை. காட்சி காட்சியாக வரைந்த ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதைத் தயாரிப்பாளர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். யாரும் பணம் போட முன்வரவில்லை. 1952 அக்டோபரில், நாணல்போல வெள்ளையாகப் பூக்கும் காஷ் புல் வயலில் படப்பிடிப்பு தொடங்கியது. வேலை நாட்களில் ஆபீஸ் என்பதால், அடுத்த வாரம்தான் மறுபடி அங்கே போக முடிந்தது. போனால் பூவே இல்லை. மாடுகள் தின்றுவிட்டிருந்தன. மிச்சக் காட்சியை எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கேமராமேன் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது 21 வயது, அதற்குமுன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. பணம் தீர்ந்தபோது ராய் இன்ஷூரன்ஸ் பாலிசியை வைத்துக் கடன் வாங்கினார், சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை விற்றார், மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துப் படம் முடிந்தது. வேலையில் இருந்துகொண்டு இதெல்லாம் நடந்தது என்பதை உன் அம்மாவிடமும் வாசித்துக் காட்டு. நகைப் பேச்சு வருகிற வரியை மட்டும் விட்டுவிடு.

படம் கல்கத்தாவில் 1955 ஆகஸ்ட் 26 அன்று வெளியானது. பழைய விளம்பரக்காரர் சும்மா இருப்பாரா? டைட்டில் எழுத்துகளைக் கையால் செய்த காகிதத்தில் எழுதியதுபோல அமைத்தார். நகரத்தில் வைக்க ஐந்து பெரிய விளம்பரங்களைத் தானே வடிவமைத்தார், அதில் ஒன்று நியான். முதல் நாட்களில் கூட்டம் இல்லை. ஒன்றிரண்டு வாரத்தில் அரங்கு நிறையத் தொடங்கியது. அடுத்த வருஷம் கான் விழாவில் பரிசு. இந்த இடத்தில் பத்திரிகைக்காரர்கள் வழக்கமாக அவரை ‘விளம்பரத் துறையிலிருந்து சினிமாவுக்குத் தாவியவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் எங்கிருந்தும் தாவவில்லை. போகிற இடத்துக்கெல்லாம் பழைய பெட்டியையும் தூக்கிக்கொண்டே போனார்.

சந்தேகமிருந்தால் 1964-இல் வந்த ‘சாருலதா’வை மறுபடி பார். தாகூரின் ‘நஷ்டநீட்’ குறுநாவல்தான் கதை. கணவன் பூபதி வீட்டிலேயே அச்சகம் வைத்து ஆங்கிலச் செய்தித்தாள் நடத்துகிறான். அச்சு மையில் மூழ்கியவனுக்கு வீட்டில் மனைவி ஒருத்தி இருப்பது மறந்துபோகிறது. டைட்டில் ஓடும்போது திரையில் இருப்பது சாருவின் கைகள். கைக்குட்டையில் கணவன் பெயரின் முதலெழுத்தான ‘பி’யை அவள் பின்னிக்கொண்டிருக்கிறாள். வசனமே இல்லை. ஒரே ஓர் எழுத்து, அது மெல்ல மெல்ல உருவாகும் வேகம், அவ்வளவுதான். இந்தப் பெண்ணிடம் எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது, அதை யாருக்காகச் செலவிடுகிறாள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. லெட்டரிங் செய்து பழகிய கை அல்லாமல் வேறு யாருக்கு இப்படி ஓர் ஆரம்பம் தோன்றும்? பிற்பாடு சாரு தானே எழுதி, அது பத்திரிகையில் அச்சாகி வருகிறது. படத்தின் முடிவில் உருவங்கள் உறைந்து நிற்க, மூலக்கதையின் தலைப்பு திரையில் எழுத்தாக வந்து நிற்கும். எழுத்தில் தொடங்கி எழுத்தில் முடிகிற படம். நீ கேட்ட மூன்றும் அதற்குள் இருக்கின்றன, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தெடுக்க முடியாதபடி.

புகழ் வந்த பிறகும் அவர் பத்திரிகையை விடவில்லை. நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ இதழை 1961-இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து மறுபடி கொண்டுவந்தார். பக்கங்களை நிரப்பத் தானே கதை எழுதினார், தானே படமும் வரைந்தார். விஞ்ஞானி ஷோங்கு வந்தது அப்படித்தான். 1965-இல் துப்பறியும் ஃபெலுதா வந்ததும் அப்படித்தான். லாபத்துக்காக நடத்தாத ஒரு குழந்தைகள் இதழில் பிறந்த இந்தக் கதைகள் புத்தகங்களாகி, பிற்காலத்தில் அவர் குடும்பச் செலவைப் பெருமளவு தாங்கின. சம்பளத்தில் தொடங்கிய பேச்சு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

நடிகர் சௌமித்ர சாட்டர்ஜியும் நிர்மால்ய ஆச்சார்யாவும் நடத்திய ‘ஏக்ஷண்’ என்ற இலக்கிய இதழுக்கு அவர் போட்டுக்கொடுத்த அட்டைகள் வேறு ரகம். பெயரில் மூன்றே வங்க எழுத்துகள். இதழுக்கு இதழ் அந்த மூன்றையே வேறு வேறு உருவத்தில் வரைந்தார். பெரும்பாலும் வேறு படமே கிடையாது, எழுத்துதான் படம். ஆங்கிலத்துக்கும் ரே ரோமன், ரே பிஸார், டாஃப்னிஸ், ஹாலிடே ஸ்கிரிப்ட் என்று எழுத்துருக்கள் வரைந்திருக்கிறார். சாகித்ய அகாதெமியின் சின்னம்கூட அவர் கைவேலைதான். உன் அலமாரியில் இருக்கும் அகாதெமி மொழிபெயர்ப்புகளில் அதை எத்தனையோ முறை பார்த்திருப்பாய்.

நம் பக்கத்திலும் ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனந்த விகடனில் ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கு வரைந்த கோபுலு பிறகு விளம்பரத் துறைக்குப் போனார். ஆதிமூலம் கித்தானில் வரைந்துகொண்டே சிறுபத்திரிகைகளுக்குத் தலைப்பெழுத்து எழுதிக்கொடுத்தார். தமிழ் எழுத்தின் வளைவுகளை அவர் உடைத்துப்போட்ட விதத்தை இன்றைய ஃபாண்ட்டுகள் பல இன்னும் எட்டவில்லை என்பது என் கட்சி. நீ கம்ப்யூட்டரில் உட்காருமுன் ஒரு மாதம் பிரஷ்ஷும் மையுமாகத் தமிழ் எழுத்து எழுதிப் பழகு. ‘ஏக்ஷண்’ வழியில், உனக்குப் பிடித்த ஓர் இதழின் பெயரை எடுத்துக்கொண்டு, படமே சேர்க்காமல் பன்னிரண்டு அட்டை போட்டுப் பார். ஆறாவதில் சரக்கு தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு வருபவற்றை மட்டும் எனக்கு அனுப்பு.

வேலை விஷயத்தில் என் யோசனை இது. மூன்றில் எது சம்பளம் தருகிறதோ அதில் சேர். அச்சகமோ விளம்பர ஆபீசோ பத்திரிகை லேஅவுட் பிரிவோ, எதுவானாலும் சரி. ஆனால் அந்த இடத்தில் பொருள் எப்படி உருவாகிறது என்பதை அடிவரை தெரிந்துகொள். திரையில் பார்த்த சிவப்பு காகிதத்தில் ஏன் மங்குகிறது, பிளேட் எப்படித் தயாராகிறது, ப்ரூஃபில் எதைப் பார்க்க வேண்டும் என்று மெஷின் ஓட்டுகிறவரிடம் போய் நின்று கேள். உபேந்திரகிஷோர் கேமரா தருவித்தது இந்தக் கேள்விகளுக்காகத்தான். மற்ற இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வைத்துக்கொள், ஆனால் பொழுதுபோக்கு என்று யாரிடமும் சொல்லாதே.

தயாரிப்பாளர்கள் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த அந்தச் சித்திர நோட்டை ராய் பின்னாளில் பாரிஸில் உள்ள சினிமாதெக் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தார். மூலம் அங்கே காணாமல் போய்விட்டது. நல்லவேளை, அதன் நகல்களை வைத்து ‘பதேர் பாஞ்சாலி ஸ்கெட்ச்புக்’ என்று ஒரு புத்தகம் வந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடி. படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள். எந்தக் கட்டம் வரைந்தபடியே வந்திருக்கிறது, எது இடத்தில் போய் நின்றதும் மாறிவிட்டது என்று பென்சிலால் குறித்து வை. மாறியவற்றின் பட்டியலோடு பொங்கலுக்கு ஊருக்கு வா, உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
மாமா