நீலகிரி முகாமுக்குப் புறப்படும் சாரணர்களுக்கு

டிசம்பர் விடுமுறையில் மலையில் முகாம் என்றதும் எல்லாரும் ஸ்வெட்டரைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். அது வேண்டும்தான். ஆனால் ராத்திரியில் ஆளை நடுக்குவது தரையிலிருந்து ஏறும் ஈரக்குளிர்.

செய்ய வேண்டியவை

• கூடாரத்துக்குள் முதலில் தார்ப்பாய், அதன்மேல் கனமான ஜமுக்காளம், பிறகு படுக்கை. ஊட்டிப் பக்கம் விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். நடந்து நனைந்த சாக்ஸோடு படுக்காதீர்கள். தூங்குவதற்கென்று ஒரு ஜோடியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். மழையே வந்தாலும் நனையாது.

• குக்கர் கொண்டுபோங்கள். 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் காத்திருந்தே பிள்ளைகள் பசியில் சோர்ந்துபோவார்கள்.

• ஆளுக்கொரு விசில் கழுத்தில் தொங்கட்டும். மூடுபனியில் வழி தவறினால் தேடி அலையாமல், நின்ற இடத்திலேயே நின்று மும்மூன்று முறை ஊதுங்கள்.

• வனத்துறை அனுமதி எழுத்தில் இருக்கட்டும். சாரண ஆசிரியர்களே, இதில் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

செய்யக்கூடாதவை

• கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வைக்காதீர்கள். வீட்டில் அம்மா கட்டிக்கொடுத்த முறுக்குக்கும் இதே விதிதான். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடிகள் எண்ணெய், அரிசி தேடிக் கட்டடங்களுக்குள்ளேயே நுழைவதுண்டு, துணிக்கூடாரம் எம்மாத்திரம்? உணவுப் பொருட்களை முகாம் பொறுப்பாளரிடம் கொடுத்து, பூட்டிய அறையிலோ வண்டியிலோ வைக்கச் சொல்லுங்கள். மிச்சச் சோற்றை வெளியே கொட்டவும் கூடாது. நம் எச்சிலுக்குப் பழகிய விலங்கு மறுநாளும் வரும்; நாம் ஊர் திரும்பிய பிறகு அந்தப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போகும். இந்த ஒன்றில் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் சலுகை காட்டாதீர்கள்.

• காட்டெருமை சாதுவாக மேய்வதைப் பார்த்து, படம் எடுக்க நெருங்காதீர்கள். தனியாக நிற்கும் ஆணிடம் இன்னும் எச்சரிக்கை தேவை.

• கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தால் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும்; பிறகு கழுவிக் கட்டுப்போடுங்கள்.

• ஓடையில் சோப்பு வேண்டாம். கீழே ஊர்கள் இருக்கின்றன. தண்ணீரை மொண்டு எடுத்துவந்து, 60 மீட்டராவது தள்ளிக் கழுவுங்கள்.

• காய்ந்த புல்வெளியில் கேம்ப் ஃபயர் மூட்டவே கூடாது. சரிவில் நெருப்பு மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு யாராலும் ஓட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீயில் இழந்தோம். நடுவில் ஒரு லாந்தரை வைத்துச் சுற்றி உட்காருங்கள். பாட்டும் நாடகமும் அந்த வெளிச்சத்திலேயே நடக்கட்டும்.