முழங்காலும் நமது முதலீடே!



விடியற்காலையில் பால் வண்டி வருவதற்குள் ஷட்டரைத் தூக்குகிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கும், இரண்டாம் ஷிப்ட் முடித்து வருபவருக்கும் கடை திறந்திருக்க வேண்டும். செங்குன்றத்திலிருந்து அரிசி லோடு வரும் நாளில் ஆள் கிடைக்காவிட்டால் நாமே தோள் கொடுக்கிறோம். இப்படி இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தபின் ஒருநாள், கீழ்த்தட்டில் பருப்பு அள்ளக் குந்தியவர் எழ முடியாமல் மேசையைப் பிடித்துக்கொள்கிறார். "முட்டி தேய்ந்துவிட்டது, இனி ஆபரேஷன்தான். கடையை யார் பார்ப்பது?" என்ற கவலை அன்றே தொடங்குகிறது.

இந்தக் கவலையில் பெரும்பகுதி தேவையற்றது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

தேய்மானம் என்பது என்ன?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மெத்தைபோல் அமைந்துள்ளது. வயது, உடல் எடை, பழைய அடி, பரம்பரை, அடிக்கடி குந்தி எழுந்து பாரம் தூக்கும் வேலை ஆகியவற்றால் அது மெல்ல நலிகிறது. 50 வயதைக் கடந்த பெண்களுக்கு இது அதிகம். ஆகவே கடையில் உடன் உழைக்கும் இல்லத்தரசியின் முழங்காலையும் மறக்கலாகாது.

எக்ஸ்ரே படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படம் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர் பலர். நலிந்த குருத்தெலும்பைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை இல்லை என்பது உண்மையே. ஆனால் வலியைக் குறைத்து, நடமாட்டத்தைக் காக்க வழிகள் உண்டு.

முதல் வழி: எடை

நமக்குப் புரியும் கணக்கு இது. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என 2005-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 5 கிலோ இளைத்தால் அடிக்கு 20 கிலோ மிச்சம். ஏறக்குறைய ஓர் அரிசிச் சிப்பம்! உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது என்று 454 பேரைக் கொண்டு நடந்து 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது.

நம்மவர் எடைக்குக் காரணம் தெரிந்ததே: நாளுக்கு ஆறேழு சர்க்கரை டீ, மாலை வடை, கடையடைத்தபின் பத்தரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பாடு. இவற்றில் கைவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் வழி: தசை

தொடையின் முன்தசை வலுவாக இருந்தால் மூட்டின் பாரத்தை அது பகிர்ந்துகொள்ளும். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 நொடி நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. நாளுக்கு இரண்டு வேளை. கூட்டமில்லாத மதிய வேளையில் கல்லாவிலேயே செய்யலாம். படுத்தபடி முழங்காலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து அழுத்துவதும் நல்லது. சமதரையில் தினமும் நடை வேண்டும். பயிற்சியின்போது சிறிது வலித்தால் அஞ்ச வேண்டாம். மறுநாளும் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் அளவைக் குறைக்கவும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும்.

மூன்றாம் வழி: கடை ஏற்பாடு

அதிகம் விற்கும் சரக்கை இடுப்பு உயரத்தில் அடுக்குங்கள். சிப்பங்களைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்தால் குனிவது குறையும். சுமக்காமல் தள்ளுவண்டியில் நகர்த்துங்கள். தாழ்ந்த முக்காலியை விட உயரமான நாற்காலி நல்லது. ஒரே இடத்தில் அரைமணிக்கு மேல் நிற்கவோ உட்காரவோ வேண்டாம். கைத்தடி வைத்துக்கொண்டால் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும்.

மருந்தும் வீண் செலவும்

வலி உள்ள இடத்தில் தடவும் ஜெல் முதலில் நல்லது. வலி மாத்திரைகளைச் சீட்டின்றி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகப் பழுது வரலாம். சர்க்கரை நோயாளிகள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். பெயர் தெரியாத பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும், வேண்டவே வேண்டாம்.

குளுக்கோசமைன் மாத்திரை, பொதுவாகப் பார்க்கையில், வெறும் மாத்திரையை விட மேலானதல்ல என்று 2006-இல் 1583 பேரிடம் செய்த ஆய்வில் தெரிந்தது. துளையிட்டு மூட்டைக் கழுவும் சிகிச்சையும் போலி அறுவையை விடச் சிறந்ததல்ல என 2002-இல் ஹூஸ்டன் நகர மருத்துவர்கள் கண்டனர். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். ஆனால் இரண்டாண்டு காலம் மூன்று மாதத்துக்கொருமுறை போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அறுவை எப்போது?

இவ்வளவும் செய்தும் வலியால் உறக்கம் கெட்டு, அன்றாட நடமாட்டமே நின்றுவிட்டால் மூட்டு மாற்று அறுவை நல்ல சிகிச்சையே. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. அறுவைக்கு முன் தசையை வலுப்படுத்தி எடையைக் குறைத்தவர், பின்னர் எழுந்து நடப்பதும் எளிது. எனவே செய்த பயிற்சி எதுவும் வீணல்ல.

மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலும், அடிபட்டபின் கால் ஊன்ற முடியாவிட்டாலும், மூட்டு மடங்கியபடி பூட்டிக்கொண்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவும்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நம் மாவட்டத்திலேயே உள்ளது. நடமாட இயலாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கிறார்கள்.

ஆண்டுக்கொருமுறை சரக்கு இருப்பு எடுக்கிறோம். தராசுக்கு முத்திரை வைக்கிறோம். நம்மைத் தாங்கும் இரு கால்களுக்கும் நாளுக்கு அரைமணி ஒதுக்கக் கூடாதா? இன்று மதியமே கல்லாவில் அமர்ந்தபடி அந்தப் பத்து முறையைத் தொடங்குங்கள்.