இன்டர்வியூவுக்கு என்ன போட்டுக்கிட்டு போறது?

பிளேஸ்மென்ட் செல்லில் இருந்து மெயில் வரும்: "ஸ்ட்ரிக்ட்லி ஃபார்மல்ஸ்". பசங்களுக்கு அது போதும். லைட் கலர் சட்டை, டார்க் பேன்ட், இன் பண்ணி பெல்ட் போட்டால் வேலை முடிஞ்சது. நமக்கு அந்த ரெண்டு வார்த்தையில் ஒரு பதிலும் கிடைக்காது. சுடிதார் ஃபார்மலா? புடவை கட்டினா டீச்சர் மாதிரி இருக்குமா? பிளேசர் இல்லேன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா?

முதலில் பிளேசர் விஷயத்தை முடிச்சிடுவோம். கம்பெனியே கேட்டிருந்தால் தவிர, தேவையில்லை. வீட்டில் செமஸ்டர் ஃபீஸ் கட்டவே யோசிக்கும்போது, ஒருநாள் போடுவதற்காக ஒரு கோட்டு வாங்காதீங்க தோழிகளே. ரூம்மேட்டிடம் இரவல் வாங்கியது தோளில் தொங்கினால், அதைவிட அளவெடுத்துத் தைத்த சாதாரண காட்டன் குர்தா எவ்வளவோ மேல். ஒரே கலர் அல்லது சின்ன பிரின்ட், முழங்கால் வரை நீளம், முக்கால் கை, லெக்கிங்ஸுக்குப் பதில் நேரான பேன்ட். இவ்வளவுதான். பேன்ட், சட்டையில்தான் உங்களுக்கு வசதி என்றால் அதையே போடுங்க. புடவை கட்டி நல்ல பழக்கம் இருந்தால் ஒரு காட்டன் புடவை பிரமாதம். அன்னைக்குத்தான் முதல் தடவை கட்டப் போறீங்கன்னா வேண்டாம்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு உங்க உடை உங்களுக்கே ஞாபகம் வரக்கூடாது. அதுதான் நல்ல இன்டர்வியூ உடை. லிங்க்டு லிஸ்டை எப்படி ரிவர்ஸ் பண்றதுன்னு யோசிக்க வேண்டிய மூளை, நழுவுற துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா எப்படி பதில் வரும்?

அதனால் முந்தின ஞாயிற்றுக்கிழமையே முழு செட்டையும், செருப்பு உட்பட, ரெண்டு மணி நேரம் போட்டுப் பாருங்க. நாற்காலியில் உட்காருங்க, சைடு கட் எவ்வளவு விலகுதுன்னு தெரியும். குனிஞ்சு பேப்பரில் எழுதுங்க. கழுத்து இறங்குதான்னு கண்ணாடி சொல்லும். போர்டில் கையைத் தூக்கி எழுதுங்க. அக்குளில் பிடிச்சா டெய்லர்கிட்ட சொல்லி கொஞ்சம் பிரிக்கலாம். மாடிப்படி ஏறி இறங்குங்க. புது ஷூ கட்டாயம் கடிக்கும், அந்த ரெண்டு மணி நேரத்திலேயே கடிச்சுட்டுப் போகட்டும். கண்ணாடி வளையல் எழுதும்போது டேபிளில் தட்டும், முத்து வச்ச கொலுசு நடக்கும்போது பேசும். ரெண்டையும் ஒருநாள் கழற்றி வைங்க. வெளிர் சாம்பல், ஆகாய நீலம் இந்த ரெண்டு கலரிலும் வியர்வை பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவு தெரியாது. துப்பட்டா போடுறவங்க மடிப்பு வச்சு தோளில் பின் குத்திடுங்க. பொட்டு, ஹிஜாப் எல்லாம் தினமும் எப்படியோ அப்படியே இருக்கட்டும். மல்லிகைப்பூ வச்சதால் யாரும் வேலையை மறுக்கப் போவதில்லை. ஆனால் சின்ன ஏசி ரூமில் அந்த வாசனை கொஞ்சம் அதிகம்தான்.

மெக்கானிக்கல், புரொடக்ஷன் தோழிகளுக்குத் தனியாக ஒன்று. கோர் கம்பெனியில் இன்டர்வியூ முடிஞ்சதும் பிளான்ட்டைச் சுற்றிக் காட்டுவது உண்டு. வேலையில் சேர்ந்த பிறகோ தினமும் ஷாப் ஃப்ளோர்தான். ஓடுற லேத் பக்கத்தில் துப்பட்டாவும் பின்னாத முடியும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22-ஆம் பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிப்பவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்றது. (அந்த வேலையைச் செய்பவர் ஆணாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு எழுதி வைத்திருந்தது, அது தனிக்கதை.) நமக்கு வேண்டியது: கொண்டை, மூடிய ஷூ, தொங்காத உடை. "பொண்ணுன்னா துப்பட்டா போடணும்"னு யாராவது சொன்னா, மெஷின் பக்கத்தில் அது ஏன் கூடாதுன்னு தயங்காம சொல்லுங்க.

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் நெருக்கமான கோடும் சின்னக் கட்டமும் கேமராவில் அலையடிக்கும். பிளைன் கலர் போதும்.

இன்னொன்றையும் தெரிஞ்சு வச்சுக்கணும். "ஃபார்மலா இல்லை, டிரஸ் கோடு இது"ன்னு சொல்வது வேறு. உங்க உடம்பைப் பற்றியோ, உடை உங்க உடம்பில் எப்படி இருக்கு என்பதைப் பற்றியோ கமென்ட் அடிப்பது வேறு. பாலியல் தொனியில் பேசுவதையும் பாலியல் துன்புறுத்தல் என்றே 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். இன்டர்வியூ ரூமில் அப்படி நடந்தால் "ஆஃபர் போயிடுமோ"ன்னு முழுங்காதீங்க. வெளியே வந்ததும் யார், என்ன வார்த்தை, எத்தனை மணின்னு எழுதி வச்சுக்கிட்டு பிளேஸ்மென்ட் ஆபீசரிடமோ கல்லூரியின் உள் புகார்க் குழுவிடமோ சொல்லுங்க. நீங்க என்ன உடை போட்டிருந்தீங்க என்பது அங்கே கேள்வியே இல்லை.

வேலை கிடைச்சதும் மொத்தமா துணி வாங்க ஓடாதீங்க. முதல் வாரம் அங்கே இருக்கும் பெண்கள் என்ன போடுறாங்கன்னு பாருங்க. பேங்க் கிளையன்ட்டைப் பார்க்கிற டீமும், கோடு எழுதுற டீமும் ஒரே மாடியில் வேறவேற மாதிரி வருவாங்க. மூணு குர்தா, ரெண்டு பேன்ட் இருந்தா முதல் சம்பளம் வரை மாற்றி மாற்றி ஓட்டிடலாம்.

அன்னைக்குப் பையில் ஃபைலோடு நாலு சேஃப்டி பின், ஊசி, அதே கலர் நூல், ஒரு கர்ச்சீஃப். ஹாஸ்டலில் அயர்ன் பாக்ஸ் ஒண்ணுதான், காலை ஆறு மணிக்கே அதுக்கு வரிசை நிற்கும். முதல் நாள் சாயங்காலமே தேய்ச்சு ஹேங்கரில் மாட்டிடுங்க.