டாங்கியைத் தராசில் நிறுத்தலாமா?

குடியரசு தின அணிவகுப்பில் கே-9 வஜ்ரா உருண்டு வரும்போது "அதோ டாங்கி!" என்று பிள்ளைக்குக் காட்டாத பெற்றோர் குறைவு. சங்கிலிச் சக்கரம், சுழலும் மேல்கூண்டு, நீண்ட குழல் எல்லாம் இருக்கின்றன. எடையோ 47 டன். டி-90 டாங்கியைவிடச் சற்றே அதிகம். ஆனாலும் வஜ்ரா டாங்கி அல்ல. பல கிலோமீட்டர் பின்னால் நின்று, கண்ணில் படாத இலக்கின் மேல் குண்டு வீசும் பீரங்கி அது. எதிரி டாங்கியோடு நேருக்கு நேர் மோத அதன் கவசம் போதாது. எடையை மட்டும் வைத்து டாங்கியை அடையாளம் காண முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம். டாங்கியின் எடையைப் பற்றி நிலவும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: இத்தனை டன் வரை இலகு ரகம், அதற்கு மேல் நடுத்தரம், அப்புறம் கனரகம். உலகம் முழுக்க ஒரே கணக்கு.

அப்படியொரு பொதுக் கணக்கு இருந்ததே இல்லை. இரண்டாம் உலகப்போரில் இத்தாலி தன் 26 டன் பி-40 டாங்கியைக் கனரகம் என்றது. அமெரிக்காவோ சுமார் 30 டன் ஷெர்மனை நடுத்தரம் என்றது. ஜெர்மனியின் பாந்தர் ஏறக்குறைய 45 டன், சோவியத்தின் ஐ.எஸ்-2 46 டன். முன்னது நடுத்தரம், பின்னது கனரகம்! பாந்தர், கவசப் படைப்பிரிவோடு சேர்ந்து விரைந்து சண்டையிட வேண்டிய வண்டி. ஐ.எஸ்-2 பலமான அரண்களை உடைத்து வழி திறக்க வேண்டியது. அதற்கென்றே தனிப் படையணிகள் இருந்தன. பிரித்தது தராசு அல்ல, வேலை.

பெர்ஷிங்கின் கதை இன்னும் வேடிக்கை. போர்க்காலத்தில் கனரகமாக இருந்த அந்த அமெரிக்க டாங்கி 1946-இல் நடுத்தரம் ஆனது. இளைத்தெல்லாம் போகவில்லை, கோப்பில் பெயரை மாற்றினார்கள், அவ்வளவுதான். 1950-இல் அமெரிக்கத் தரைப்படை எடைக் கணக்கையே விட்டுவிட்டு, பீரங்கியின் அளவைக் கொண்டு பெயரிடத் தொடங்கியது.

நம்பிக்கை: கனமானது மெதுவாகப் போகும், இலகுவானது பறக்கும்.

பிரிட்டனின் முதல் மட்டில்டா வெறும் 11 டன். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். காலாட்படையோடு நடைபோட அது போதும் என்று கணக்குப் போட்டுத்தான் அப்படிச் செய்தார்கள். இன்றைய ஆப்ராம்ஸ் 60 டன்னுக்கு மேல். நல்ல சாலையில் 65 கிலோமீட்டரைத் தொடும்.

நம்பிக்கை: இலகு டாங்கி வேவு பார்க்கத்தான், போருக்கு உதவாது.

முதல் காஷ்மீர் போரின்போது, 1948 நவம்பர் 1 அன்று, சுமார் 3,500 மீட்டர் உயரமுள்ள ஸோஜி லா கணவாயில் இந்தியப் படையின் ஸ்டூவர்ட் இலகு டாங்கிகள் தோன்றியபோது, அங்கே அரண் அமைத்திருந்த எதிரிகள் அதை எதிர்பார்க்கவேயில்லை. வழியிலிருந்த பலவீனமான பாலங்கள் தாங்க வேண்டும், விஷயம் வெளியே கசியவும் கூடாது. எனவே டாங்கிகளின் மேல்கூண்டுகளைக் கழற்றிக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். பால்டாலிலிருந்து மேலே ஏறும் கோவேறு கழுதைப் பாதையை டாங்கி போகும் அளவுக்கு அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். இதை எந்தக் கனரக டாங்கியும் செய்திருக்க முடியாது. 1971 நவம்பரில் பாகிஸ்தானோடு நடந்த கரிப்பூர் சண்டையிலும் அதே கதைதான். இந்தியாவின் 14 டன் எடையுள்ள, நீரில் மிதக்கும் பி.டி-76 டாங்கிகள் பாகிஸ்தானின் 18 டன் சாஃபீ டாங்கிகளை வீழ்த்தின.

எடைக்கு எல்லை வகுத்த ஆவணமே இல்லையா என்றால், ஒன்று உண்டு. 1990-இல் கையெழுத்தான ஐரோப்பிய மரபுப்படைக் குறைப்பு ஒப்பந்தம், குறைந்தது 16.5 டன் எடையும், எல்லாப் பக்கமும் திரும்பும் 75 மில்லிமீட்டர் பீரங்கியும் இருந்தால் அது 'போர் டாங்கி' என்றது. யாரிடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதற்காகப் போட்ட கோடு அது. இந்தியா அதில் சேரவில்லை. ஆனால் ஆவடியிலுள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடம் எல் அண்டு டி-யோடு உருவாக்கிய ஜோராவரை அந்தக் கோட்டில் வைத்தால், 25 டன் எடைக்கும் 105 மில்லிமீட்டர் பீரங்கிக்கும் அது முழுமையான போர் டாங்கி. இந்திய ராணுவத்துக்கோ லடாக் மலைக்கான இலகு டாங்கி. 68 டன் அர்ஜுன் மார்க்-1ஏ-வை வடிவமைத்ததும் அதே ஆவடி ஆய்வுக்கூடம்தான்.