பழைய அம்பாசடருக்கு எஞ்சினும் கியரும் மாற்றுமுன்

ஆரணியிலிருந்து பட்டுச் சேலைக் கட்டுகளுடன் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் சென்றுவர இன்றும் பழைய அம்பாசடரையே விசுவாசத்தோடு பேணிவரும் அன்பர்கள், நெடுஞ்சாலையில் அது நிதானமாகவும் சிரமமின்றியும் ஓடவேண்டும் என்று விரும்பினால், பின்வருவனவற்றை யோசிப்பது உசிதம்.

1. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் கம்ப்ரஷன், வால்வு இடைவெளி, கார்புரேட்டர் ஆகியவற்றை முதலில் பரிசோதித்துச் செப்பனிடுக. பல வண்டிகளுக்கு அதுவே போதுமானது.

2. மாற்றியே தீரவேண்டுமாயின், பிற்கால அம்பாசடரில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த 1817 சி.சி. இசுசு எஞ்சினை, அதற்குரிய ஐந்து கியர் பெட்டியோடு சேர்த்தே தேர்ந்தெடுப்பது உத்தமம்.

3. பின் அச்சின் கிரௌன்-பினியன் விகிதம் 4.5 என்பதிலிருந்து 3.9 ஆகக் குறைந்தால், அதே வேகத்தில் எஞ்சினின் சுழற்சி ஏறத்தாழ 13 சதவீதம் குறையும். ஆயினும் ஏற்றத்திலும் பாரத்திலும் இழுவை தளருமாதலால், பலம் குன்றிய எஞ்சினுக்கு இம்மாற்றம் ஆகாது.

4. சக்தி கூடினால் பிரேக்கும் ரேடியேட்டரும் அதற்கு ஈடாக இருத்தல் அவசியம். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் சிலாக்கியமானது.

5. எஞ்சினை மாற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதி பெற்று, புதிய எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றிதழில் பதிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுக.

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டமையால், கழற்றிய அசல் பாகங்கள் எதையும் காயலான் கடைக்குக் கொடுத்துவிடாமல் பத்திரப்படுத்தி வையுங்கள்.