பழைய காரும் இருவிசைக் காரும்: இல்லத்தார்க்கு ஒரு பாடம்



நெடுநாள் ஓடிய காரை விட்டுவிட்டு, பெட்ரோல் குறைவாகச் செலவாகும் ஹைபிரிட் காரை வாங்கலாமா என்னும் கேள்வி இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் எழுகின்றது. விளம்பரத்தைக் கண்டு முடிவு செய்வோரும் உளர். அண்டை வீட்டாரைக் கண்டு முடிவு செய்வோரும் உளர். கணக்குப் போட்டு முடிவு செய்வோர் சிலரே. எங்கள் இல்லத்தில் இக்கேள்வி எழுந்தபோது நாங்கள் போட்ட கணக்கையும், கணக்கில் அடங்காமல் நின்ற ஒன்றையும் இங்குப் பாடமாகத் தருகின்றோம்.

கேள்வி எழுந்த விதம்

வந்தவாசிப் பக்கத்தில் பிறந்த நாங்கள், ஆசிரியப் பணியின் பொருட்டுத் தெற்கே வந்து பாஞ்சாலங்குறிச்சியிலேயே தங்கிவிட்டோம். எம் கணவரும் ஆசிரியரே. 2006இல் பணி ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அவர் ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினார். தூத்துக்குடியில் மருத்துவரைப் பார்க்கவும், உறவினர் வந்தால் கழுகுமலைச் சமணச் சிற்பங்களைக் காண அழைத்துச் செல்லவும் அது பயன்பட்டது. ஆண்டுக்கு 4,500 கிலோமீட்டருக்கு மேல் அது ஓடியதில்லை. அவர் மறைந்தபின், ஊருக்குத் திரும்பிய மகன் அதிலேயே துறைமுகத்துக்குப் பணிக்குச் சென்று வரலானான். போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ஏனைய பயணங்களையும் சேர்த்தால் ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர்.

ஒருநாள் மாலை பேரனையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு வருகையில், குறுக்குச்சாலை அருகே பிரேக் மிதி தரைவரை அமிழ்ந்துவிட்டது. கியரைக் குறைத்தும் கைப்பிரேக்கை இழுத்தும் மகன் வண்டியை ஓரங்கட்டினான். எதிரில் கண்டெய்னர் லாரி ஏதும் வராதது எங்கள் நல்வினை. பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்தபோது, பிரேக் ஆயில் செல்லும் குழாய் துருவேறி ஓட்டையாகியிருந்தது. “உப்புக்காற்று அடிப்பக்கம் முழுவதையும் தின்றுவிட்டது, டீச்சரம்மா. இன்று குழாயை மாற்றலாம், நாளை எது போகும் என்று சொல்ல முடியாது” என்றார் மெக்கானிக். உப்பளங்களைச் சுற்றி வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று.

பதிவுச் சான்றும் முடியும் தறுவாயில் இருந்தது. சொந்தக் காருக்கு முதற்பதிவு 15 ஆண்டுக்கு உரியது. பின்னர்த் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2021இல் புதுப்பித்தோம், அடுத்த முறை 2026. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு அக்கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஹைபிரிட் என்பது யாது?

“தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க” என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. அவ்வழியே செல்வோம்.

தூத்துக்குடிக் கரையில் பாயும் எந்திரமும் உடைய வள்ளங்களை நம்மிற் பலர் கண்டிருப்போம். காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். வாய்க்காவிடில் எந்திரத்தை முடுக்குவர். ஒரே கலத்துக்கு இரண்டு விசைகள். ஹைபிரிட் காரும் அத்தகையதே. பெட்ரோல் எந்திரம் ஒன்று, மின்மோட்டார் ஒன்று. எப்போது எது உழைக்க வேண்டும் என்பதைக் காரிலுள்ள கணினியே முடிவு செய்கின்றது. ஆகவே இதனை இருவிசைக் கார் என்றும் சொல்லலாம்.

மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? இதற்கு நம் கரிசல் நிலத்தைப் பார்ப்போம். பெய்த மழை ஓடையாய் ஓடிக் கடலில் கலந்துவிட்டால் வீண். கண்மாயில் தேக்கினால் பயிராகும். சாதாரணக் காரில் பிரேக் போடும்போது ஓட்டத்தின் ஆற்றல் முழுவதும் வெப்பமாகி வீணாகின்றது. இருவிசைக் காரிலோ, வேகத்தைக் குறைக்கையில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அவ்வாற்றலின் ஒரு பகுதியை மின்கலத்தில் தேக்குகின்றது. மறுபடி புறப்படும்போது அம்மின்சாரம் சக்கரத்தை உருட்டுகின்றது. நின்றிருக்கும்போதும் மெல்ல ஊரும்போதும் எந்திரம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். எந்திரம் ஓடும் வேளையில் எஞ்சும் விசையும் மின்கலத்துக்குச் செல்லும். வெளியிலிருந்து மின்னேற்ற வேண்டியதில்லை.

இந்த மின்கலம் பெரிய அணையன்று, சிறிய ஊருணியே. 2022இல் நம் நாட்டில் வெளிவந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் வலுவான ஹைபிரிட் வகையில் அது கொள்ளும் மின்சாரம் 0.76 யூனிட் மட்டுமே. அதாவது நம் வீட்டு மின்கணக்கில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. நிரம்புவதும் வடிவதுமாக ஒரே பயணத்தில் பன்முறை பயன்படுவதால் அவ்வளவே போதுமானதாகின்றது.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கே தேவை. முதலாவது, “மைல்டு ஹைபிரிட்” எனப்படுவது வேறு. அதில் மோட்டார் எந்திரத்துக்குச் சிறிது கைகொடுக்குமேயன்றித் தனித்துக் காரை ஓட்டாது, சேமிப்பும் சிறிதே. பெயரை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. இரண்டாவது, அடிக்கடி நின்று செல்லும் நகரச் சாலையில்தான் இருவிசைக் காரின் பயன் மிகுதி. மதுரை நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது பிரேக் போடுவதே அரிதாகையால், தேக்கும் ஆற்றலும் குறையும்.

இவ்வகைக் கார் டொயோட்டா பிரியஸ் என்னும் பெயரில் 1997 டிசம்பரில் ஜப்பானில் முதன்முதலாகப் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2008இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் இறக்குமதியாகி வந்தது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலையால் அது பரவவில்லை. 2013இல் கர்நாடகத்தின் பிடதியில் கேம்ரி ஹைபிரிட் உருவாகத் தொடங்கியது. நடுத்தரக் குடும்பம் எண்ணிப் பார்க்கும் நிலை வந்தது 2022க்குப் பின்னரே.

மின்கார் கூடாதா என வினவலாம். வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4ஆம் நாள் நம் தூத்துக்குடியிலேயே திறக்கப்பட்டது. வீட்டில் மின்னேற்ற வசதியுடையோர்க்கும் உள்ளூரிலேயே ஓட்டுவோர்க்கும் அதுவும் தக்கதே. வந்தவாசி வரை நெடும்பயணம் செல்லும் தேவை எங்களுக்கு இருந்தமையால் இருவிசைக் காரை எண்ணினோம்.

இப்போது கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமிலவாயு காற்றில் சேர்கின்றது. எங்கள் பழைய கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடியது. மேற்சொன்ன புதிய கார்களுக்குச் சோதனைச் சான்று தரும் அளவு 27.97 கிலோமீட்டர், நம் சாலையில் 22.5 கிடைக்கும் எனக் குறைத்தே கொள்வோம்.

எம் கணவர் ஓட்டிய காலத்தில், 4,500 கிலோமீட்டருக்குப் பழைய காரில் 300 லிட்டர். இருவிசைக் காராயின் 200 லிட்டர். மிச்சம் 100 லிட்டர். குறையும் வாயு 230 கிலோ.

மகன் ஓட்டும் காலத்தில், 18,000 கிலோமீட்டருக்குப் பழைய காரில் 1,200 லிட்டர். இருவிசைக் காரில் 800 லிட்டர். மிச்சம் 400 லிட்டர். குறையும் வாயு 920 கிலோ.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. புதுக் கார் ஒன்றைச் செய்வதற்கே இரும்பும் அலுமினியமும் உருக்கப்படுகின்றன. பல டன் வாயு வெளிப்படுகின்றது. அதனை ஆறு டன் எனத் தோராயமாகக் கொண்டால், அந்தக் கடனை அடைக்க மகன் ஓட்டும் கணக்கில் ஆறரை ஆண்டு ஆகும். எம் கணவர் ஓட்டிய கணக்கில் இருபத்தாறு ஆண்டு ஆகும்! அதே கார், அதே வீடு, விடையோ வேறு. எம் கணவர் அக்காரை மாற்றாமல் பேணி வந்தது கஞ்சத்தனமன்று, சரியான கணக்கே என்பதை அவர் மறைந்தபின் கணக்குப் போட்டே நாங்கள் உணர்ந்தோம்.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்வோம். லிட்டர் நூறு ரூபாய் எனக் கொண்டால் மகனுக்கு மிச்சம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். ஆயினும் பழைய கார் எப்படியும் ஓய வேண்டியதே. ஆகவே லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் மற்றொரு பெட்ரோல் காரோடுதான் ஒப்பிட வேண்டும். அப்போது மிச்சம் 200 லிட்டர், அதாவது 20,000 ரூபாய். ஹைபிரிட்டுக்கெனக் கூடுதலாகத் தருவது இரண்டு இலட்சமானால், அது திரும்பப் பத்தாண்டு செல்லும். பணத்துக்காக மட்டும் வாங்குவோர் இதனை எண்ணிக்கொள்க.

கணக்கில் அடங்காதது

எங்கள் பழைய காருக்கு ஒரு தரகர் நாற்பதாயிரம் தருவதாகச் சொன்னார். குழாயை மாற்றி, அடிப்பக்கத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்துவிட்டால் போதும் என்றார். அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பகத்திலோ இரும்பின் எடைக்குத்தான் விலை; அதிற் பாதியும் தேறாது. வீட்டில் இருநாள் பேச்சு நடந்தது. “அம்மா, வாங்குகிறவர் பார்த்துத்தானே வாங்கப் போகிறார்?” என்றான் மகன். “சாயத்துக்கு அடியில் இருப்பதை அவர் எப்படிப் பார்ப்பார்?” என்று பேரன் கேட்டான். அதன்பின் விவாதம் இல்லை.

குறுக்குச்சாலையில் எங்களுக்கு நேர இருந்தது இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு நேரும்படி விடுவது எவ்வாறு அறமாகும்? மேலும், பழைய கார் வேறொருவர் கையில் ஓடிக்கொண்டேயிருந்தால், குறைந்ததாக நாம் போட்ட கணக்கும் பொய்யாகிவிடும். காரை உடைப்பகத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழ் பெற்று, பதிவையும் நீக்கம் செய்தோம். வண்டியை ஏற்றிச் சென்ற அன்று வீட்டில் எவரும் அதிகம் பேசவில்லை. எம் கணவர் எழுதி வந்த பெட்ரோல் கணக்கு நோட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

வாங்கியது புத்தம் புதிய காரன்று. 2022இல் பதிவான இருவிசைக் கார். மின்கலத்துக்கு நிறுவனம் தரும் எட்டு ஆண்டு உத்தரவாதம் எஞ்சியிருப்பதைத் தாள்களில் சரிபார்த்தே வாங்கினோம். முன்னரே செய்யப்பட்ட கார் ஆதலின் நம் பங்குச் சுமை குறைவு. எனினும் அதனை விற்றவர் புதியது வாங்கியிருக்கலாம். ஆகவே சுமை முற்றும் நீங்கியது எனச் சொல்லிக்கொள்ளவில்லை.

இறுதியாக ஒன்று. பெட்ரோல் குறைவாகச் செலவாகின்றது என்பதாலேயே, தேவையற்ற பயணங்கள் கூடிவிடுவதுண்டு. அவ்வாறாயின் சேமித்தது அனைத்தும் கரைந்துபோகும். இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் திசைக்கு எல்லை வகுக்கும் திக்விரதமும் ஒன்றன்றோ? எந்திரம் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் எரிபொருளைத்தான் குறைக்கும். கிலோமீட்டரைக் குறைப்பது நம் கையில் உள்ளது. எம் கணவரின் நோட்டில் எஞ்சிய பக்கங்களில் இப்போது பேரன் மாதந்தோறும் ஓடிய தூரத்தை எழுதி வருகின்றான்.

வீட்டில் கூடிச் சிந்திக்க வினாக்கள்

1. உங்கள் கார் சென்ற ஆண்டு எத்தனை கிலோமீட்டர் ஓடியது? எத்தனை லிட்டர் செலவாயிற்று?
2. அவ்வோட்டத்தில் நகரச் சாலை எவ்வளவு, நெடுஞ்சாலை எவ்வளவு?
3. மேற்கண்ட முறைப்படி, புதுக் காரின் ஆறு டன் கடனை அடைக்க உங்கட்கு எத்தனை ஆண்டு ஆகும்?
4. பழைய காரை விற்பதானால், வாங்குபவரிடம் அதன் குறைகள் அனைத்தையும் சொல்ல இயலுமா? இயலாதெனில் அதனை என் செய்வது?